கன்று கேட்பதற்கு முன் பங்கு கேளுங்கள்

தாமல் ஊராட்சி கிராம சபையாருக்கும், அங்கிருந்து உத்திரமேரூர் வரையுள்ள ஊராட்சிகளின் கிராம சபையாருக்கும்,



தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. குடிநீர், தெருவிளக்கு, வரவு செலவு எல்லாம் பேசி முடித்த பிறகு, பெரும்பாலும் கடைசியில் மரக்கன்று நடும் பொருள் வருகிறது. அதை யாரும் எதிர்ப்பதில்லை. கன்று இலவசம், குழி வெட்ட ஆள் இருக்கிறது, நட்டபின் படம் எடுத்துக்கொள்ளலாம். 2022 செப்டம்பர் 24 அன்று வண்டலூரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டபோது, மாநிலத்தின் 23.7 விழுக்காட்டுப் பசுமைப் பரப்பைப் பத்தாண்டில் 33 விழுக்காடாக உயர்த்துவது என்று இலக்கு வைக்கப்பட்டது. ஆகவே உங்கள் ஊருக்கு இன்னும் பல ஆண்டுகள் கன்றுகள் வந்துகொண்டே இருக்கும். அவற்றை வேண்டாம் என்று சொல்லும்படி இந்த மடல் கேட்கவில்லை. கன்றுகளை இறக்குவதற்கு முன், வளரப்போகும் காட்டில் யாருக்கு என்ன பங்கு, எத்தனை ஆண்டுகளுக்கு, அதை யார் மாற்ற முடியும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள் என்பதுதான் கோரிக்கை. அழிந்த காடு திரும்புகிறதா இல்லையா என்பதைக் கன்றுகளின் எண்ணிக்கை தீர்மானிப்பதில்லை. காட்டை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு அதில் நிலையான பங்கு இருக்கிறதா என்பதே தீர்மானிக்கிறது. இதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு, வெளியிலும் உண்டு.

முதலில் எந்தக் காட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குத் தாமல் என்றால் ஏரிதான். ஆனால் ஓர் ஏரி என்பது கரைக்கு உள்ளே நிற்கும் தண்ணீர் மட்டுமல்ல. தண்ணீர் வழிந்து வரும் மேடு, வரத்துக்கால், மேய்க்கால் புறம்போக்கு, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கரடுகளும் சிறு குன்றுகளும், அவற்றில் காப்புக்காடு என்று எல்லைக்கல் நட்ட துண்டுகள், கோயிலை ஒட்டி மிஞ்சியிருக்கும் தோப்புகள் எல்லாம் சேர்ந்துதான் அந்த நிலப்பரப்பு. இதில் பெரும்பகுதி குத்துக்காடு. சோழமண்டலக் கரையை ஒட்டிய சமவெளியிலும் இலங்கையின் வறண்ட பகுதியிலும் காணப்படும் உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சம் அது. உலக்கைப்பாலை, காசான், வீரை, இரும்புளி, நாவல், எட்டி, உசிலை, வெப்பாலை, காரை, களா, சூரை என்று உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பெயர் சொல்லத் தெரிந்த மரஞ்செடிகள்தான் அதன் உடைமை. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி, எட்டு மாத வெயிலைத் தடித்த சிறு இலைகளோடு கடந்துவிடக்கூடியவை.

இந்தக் குத்துக்காட்டில் முழங்கால் உயரத்துக்குப் பாய் விரித்ததுபோல் படர்ந்து கிடக்கும் ஒரு காசான் புதரைக் குனிந்து விலக்கிப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அடியில் முண்டு முண்டாகத் தடித்த கட்டை இருக்கும். அதிலிருந்து இருபது முப்பது குச்சிகள் கிளம்பியிருக்கும். ஒவ்வொன்றின் நுனியும் ஆடு கடித்தோ கத்தி பட்டோ மழுங்கியிருக்கும். மேலே பார்க்க இரண்டு வயதுச் செடி. கீழே உள்ள வேர் எந்தத் தலைமுறையைச் சேர்ந்ததோ. பக்கத்தில் சூரை முள்ளுக்குள் விழுந்து முளைத்த ஒரு பாலைக் கன்று, ஆட்டின் வாய்க்கு எட்டாததால் மட்டும் நிமிர்ந்து நிற்கும். அதாவது, இந்த நிலத்தில் காடு இல்லாமல் போகவில்லை. மண்ணுக்குள் இருக்கிறது, மேலே வர விடப்படவில்லை. நான்கைந்து ஆண்டுகள் வெட்டும் மேய்ச்சலும் இல்லாமல் விட்டு, ஒரு கட்டைக்கு நல்ல குச்சி இரண்டை மட்டும் நிறுத்தி மற்றவற்றைக் கழித்துவிட்டால், பையில் வளர்த்த கன்று பிடித்துக்கொள்வதற்குள் அந்தப் பழைய வேர் ஆள் உயரம் ஏறிவிடும். குழியும் வேண்டாம், டேங்கர் தண்ணீரும் வேண்டாம். வேண்டியது ஒன்றுதான்: விட்டுவைப்பது. யார், எதற்காக, எதை நம்பி விட்டுவைப்பார்கள் என்பது தாவரவியல் கேள்வி அல்ல. அது ஊர்க் கேள்வி.

விட்டுவைக்கப்படாமல் போனதற்குக் காரணம் ஆடு மேய்த்தவர்களும் சுள்ளி பொறுக்கியவர்களும்தான் என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் கதை. கணக்குப் பார்த்தால் அது அரைக் கதை. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியபோது எஞ்சின் எரித்தது விறகை. சென்னை நகரத்து அடுப்புகள் எரித்ததும் இந்தச் சுற்றுவட்டார விறகைத்தான். விறகுப் பஞ்சம் வந்த பிறகுதான் அரசுக்குக் காட்டின் நினைவு வந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. எல்லைக்கல்லுக்கு உள்ளே நுழைகிறவர் அன்றிலிருந்து குற்றவாளி ஆனார். நூற்றாண்டு கடந்து, இன்று உத்திரமேரூர் வட்டாரத்தில் கல்குவாரிகளும் கிரஷர்களும் நடக்கின்றன. ஆடு கடித்த துளிர் அடுத்த மழையில் திரும்ப வரும். குவாரி எடுத்த குன்று வராது. அப்படியிருந்தும் காட்டைக் காப்பாற்றும் பேச்சு எழும்போதெல்லாம் முதல் கட்டுப்பாடு ஆட்டின் மேல்தான் விழுகிறது. ஆட்டுக்காரருக்குக் கேட்க ஆளில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

கன்று நடும் திட்டங்கள் நமக்குப் புதியவை அல்ல. 1981இல் சுவீடன் உதவியோடு தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் ஏரி உள்வாய்களில் கருவேலம் நடப்பட்டது. மரம் வெட்டி ஏலம் விடும்போது ஊராட்சிக்கும் ஒரு பங்கு என்பது ஏற்பாடு. மரம் வளர்ந்தது, பல இடங்களில் ஏலமும் நடந்தது. ஆனால் அந்த உள்வாயில் மாடு மேய்த்தவருக்கும், முள் வெட்டி அடுப்பெரித்தவருக்கும், ஊராட்சிக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட பணம் தன் பங்காகத் தெரிய வழியில்லை. பிறகு 1997இல் ஜப்பான் கடனுதவியில் தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. இது முந்தையதைவிட நன்றாக யோசித்த திட்டம் என்றே சொல்வேன். காப்புக்காட்டை ஒட்டிய ஊர்களில் கிராம வனக் குழு அமைத்தார்கள். தடுப்பணையும் கசிவுநீர்க் குட்டையும் கட்டினார்கள். கறவை மாட்டுக்கும் சிறு தொழிலுக்கும் கடன் கொடுத்தார்கள். குட்டை கட்டிய இடத்தில் கிணற்றில் நீர் ஏறியதை ஊரார் கண்ணால் பார்த்தார்கள். ஆனால் குழுவின் செயலர் வனத்துறை அலுவலர். எங்கே நடுவது, எதை நடுவது, எப்போது திறப்பது என்ற பேனா அவர் கையில். திட்டப் பணம் நின்றதும் பல ஊர்களில் குழுவும் நின்றுபோனது. அதில் வியப்பில்லை, கடன் கொடுப்பதற்காகக் கூடிய குழு கடன் தீர்ந்ததும் கலையத்தான் செய்யும்.

இதற்கு நேர் எதிரான ஏற்பாடு உத்திரமேரூரிலிருந்து அதிக தூரமில்லாத வேடந்தாங்கலில் இருக்கிறது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் ஏரி. அங்கே கூடு கட்டும் நீர்ப்பறவைகளின் எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது. அது உரமாகிறது என்பது அந்த ஊர் உழவர்களின் பல தலைமுறை அறிவு. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் 1798இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள் என்பது சரணாலயத்தின் வரலாறாகவே பதிவாகியிருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல்தான் வந்தது. அதற்கு 174 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊர் தன் ஏரிப் பறவைகளுக்குத் தானே காவல் நின்றதற்குக் காரணம் பறவை மேல் கொண்ட பரிவு மட்டும் என்று நான் நினைக்கவில்லை. பறவை இருந்தால் நெல் விளையும் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த கணக்கு. 2020இல் சரணாலயத்தின் பாதுகாப்பு எல்லையை ஐந்து கிலோமீட்டரிலிருந்து மூன்றாகச் சுருக்க முயற்சி வந்தபோது எழுந்த எதிர்ப்பையும், அந்த முயற்சி கைவிடப்பட்டதையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். பயன் நேரடியாக, தொடர்ச்சியாக, பாதுகாக்கிறவர் கைக்கே வந்தது. அதனால் பாதுகாப்பும் தொடர்ந்தது.

வெளியே நடந்தவையும் இதையே சொல்கின்றன. மேற்கு வங்கத்தின் மேதினிப்பூர் மாவட்டத்தில் அரபாரி என்ற இடத்தில் சால மரக்காடு வெட்டி வெட்டி வெறும் கட்டையாகக் கிடந்தது. அங்கே வன அலுவலராக இருந்த அஜித் குமார் பானர்ஜி 1972 வாக்கில் 11 ஊர்களின் 618 குடும்பங்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். சுமார் 1,270 ஹெக்டேரை நீங்கள் காத்துக்கொடுங்கள், வேலையில் முதலிடம் உங்களுக்கு, சிறு விளைபொருள் உங்களுக்கு, மரம் விற்றால் நிகர வரவில் நாலில் ஒன்று உங்களுக்கு என்றார். பழைய கட்டைகளே துளிர்த்துக் காடானது. 1990 ஜூன் 1 அன்று நடுவண் அரசு நாடு முழுவதற்கும் கூட்டு வன மேலாண்மைச் சுற்றறிக்கை அனுப்பியதற்கு விதை அதுதான். நேபாளத்தில் 1993ஆம் ஆண்டு வனச் சட்டம் காடுகளை உள்ளூர்ப் பயனர் குழுக்களிடம் ஒப்படைத்தது. இன்று அப்படி 22,000க்கும் மேற்பட்ட குழுக்கள் உள்ளன. 1992இல் நாட்டின் பரப்பில் 26 விழுக்காடாக இருந்த காடு 2016இல் 45 விழுக்காடானதைச் செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆப்பிரிக்காவின் நைஜரில் 1980களில், நடவை விட்டுவிட்டு, வயலில் புதைந்திருந்த வேர்க்கட்டைகளைத் துளிர்க்கவிடும் முறையை டோனி ரினாடோ பரப்பினார். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியது. வயலில் வளரும் மரம் அரசுக்கல்ல, உழவருக்கு என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் அந்த முறை அவ்வளவு தூரம் பரவியது.

எதிர்ச்சான்றும் வேண்டும் அல்லவா? இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் பல பத்தாண்டுகளாக அரசு நட்ட தோட்டங்களை ஆராய்ந்து 2021இல் ஓர் ஆய்வு வெளியானது. இத்தனை ஆண்டு நடவால் மரக்கவிகை குறிப்பிடும்படி கூடவில்லை. தழைக்கும் விறகுக்கும் மக்கள் பயன்படுத்திய இனங்கள் குறைந்து, அவர்களுக்கு உதவாத இனங்கள் கூடின என்பது அதன் முடிவு. துமகூர்ப் பக்கத்து உழவர்கள் 1983இல் அரசு நட்ட யூகலிப்டஸ் நாற்றுகளைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புளியங்கொட்டை ஊன்றியதும் இதே காரணத்தால்தான்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதல் மறுப்பு வனத்துறைப் பக்கத்திலிருந்து வரும்: மக்களிடம் விட்டால் ஒரே கோடையில் மொட்டையாக்கிவிடுவார்கள். வெட்டுகிறவர் எல்லா ஊரிலும் இருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் நாளைக்குத் தனக்குக் கிடைக்குமா என்று தெரியாதவர்தான் இன்றைக்கே வெட்டுவார். அரபாரியில் வெட்டியவர்களும் காத்தவர்களும் ஒரே ஆட்கள். இடையில் மாறியது உடன்பாடு. மேய்ச்சலையும் அப்படித்தான் தீர்க்க வேண்டும். கரடு முழுவதையும் ஒரே நாளில் வேலி போட்டு அடைத்தால் ஆட்டுக்காரர் இரவில் வேலியை வெட்டுவார். வேறு வழி அவருக்கு இல்லை. நான்காகப் பிரித்து ஒரு பகுதியை மட்டும் நான்கைந்து ஆண்டு மூடி, மூடிய பகுதியிலும் புல்லை அறுத்துக்கொண்டு போக அவருக்கே முதலுரிமை கொடுத்து, அடுத்து எதை மூடுவது என்பதை ஆடு வைத்திருப்பவர்களையே தீர்மானிக்கச் சொன்னால் கதை வேறு. வேலிக்கு ஆகும் செலவும் மிச்சம்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. ஊர் என்றால் யார்? குழு அமைத்தால் அது ஊரில் கைமிகுந்த ஒரு சாதியின், ஒரு தெருவின், ஓர் ஒப்பந்தக்காரரின் குழுவாகத்தானே முடியும்? உத்திரமேரூருக்கு இந்தக் கேள்வி ஆயிரம் ஆண்டுப் பழசு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் குடவோலை முறை விரிவாக இருக்கிறது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். வாரியம் செய்வோர் 360 நாள் செய்து இறங்க வேண்டும். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் ஓலையில் பெயரெழுத இடமில்லை. மேடைதோறும் நாம் பெருமையாகச் சொல்லும் கல்வெட்டு இது. ஆனால் அதே கல்வெட்டு கால்வேலி நிலமும் சொந்த மனையும் உள்ளவரைத்தான் தகுதியானவர் என்கிறது. அது பிராமண ஊரின் சபை. நிலமில்லாதவர் பெயர் குடத்துக்குள் போகவே இல்லை. கணக்குக் கேட்கும் பழக்கத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள், தகுதிப் பட்டியலை விட்டுவிடுங்கள்.

விட்டுவிடச் சொல்வதற்குப் பின்வரலாறு இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கை, இந்த மாவட்டத்தில் தரிசு நிலம்கூடப் பறையர்களுக்குக் கிடைக்காதபடி மிராசுதாரர்கள் எப்படித் தடுத்தார்கள் என்பதை விவரித்தது. அவர்களுக்கு நிலம் ஒதுக்க வழிசெய்த 1892 அரசாணையும், அப்படி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலமும் அதைத் தொடர்ந்து வந்தவை. ஆகவே நம் பகுதியில் புறம்போக்கு என்பது யாருக்கும் சொந்தமில்லாத வெற்றிடமாக ஒருநாளும் இருந்ததில்லை. அதன் மேல் யாருக்கோ பிடி இருந்தது, யாரோ வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். இன்று 'பசுமையாக்குகிறோம்' என்ற பெயரில் அதே ஆட்களை மீண்டும் வெளியே நிறுத்த முடியும். அதைத் தடுக்க ஒரு வழிதான் தெரிகிறது: குழுவில் நிலமில்லாத குடும்பங்கள், பெண்கள், ஆடு வைத்திருப்பவர்கள், இருளர்கள் ஆகியோர் சேர்ந்து பாதிக்கு மேல் இருக்க வேண்டும், ஒவ்வொரு ஆண்டும் கணக்கைச் சபையில் வாய்விட்டுப் படிக்க வேண்டும், படிக்காதவர் மறு ஆண்டு நிற்கக் கூடாது.

இருளர்களைத் தனியாகச் சொல்லக் காரணம் இரக்கம் அல்ல. இந்தக் குத்துக்காட்டின் செடி, கிழங்கு, பாம்பு, உடும்பு எல்லாவற்றையும் அறிந்தவர்கள் அவர்கள்தான். 1970களில் பாம்புத்தோல் வணிகம் தடைசெய்யப்பட்டுப் பிழைப்புப் போனபோது, 1978இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பாம்பைக் கொல்லாமல் நஞ்சு எடுத்துவிட்டு மீண்டும் காட்டில் விடும் வேலை அது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள் அங்கிருந்து போனது. தண்டரையில் இருளர் பெண்களின் நலச்சங்கம் 1986 முதல் மூலிகை நாற்றும் மருந்தும் செய்துவருகிறது. 2023இல் செங்கல்பட்டு மாவட்டத்தின் இரண்டு இருளர் பாம்பு பிடிப்பவர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இத்தகைய அறிவு உள்ளவர்களை நாள்கூலிக்குக் குழி வெட்ட மட்டும் அழைப்பது, காட்டைத் திருப்பிக் கொண்டுவரும் வேலையில் நாம் செய்யும் மிகப் பெரிய வீணடிப்பு.

அவர்களைத் தொட்டுத்தான் சீமைக்கருவேலம் பற்றிப் பேச வேண்டும். அதை வேரோடு பிடுங்கு என்று உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லிவிட்டது. 2022இல் மாநில அரசு அயல் இனத் தாவரங்களை அகற்றும் கொள்கையையே வெளியிட்டது. அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வரத்துக்காலையும் உள்வாயையும் அது அடைத்துக்கொண்டிருப்பது எல்லோரும் பார்ப்பதுதான். ஆனால் அந்த முள்தான் இன்று ஏழையின் விறகு, கரி, கூலி. அந்தக் கூலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் நம் மாவட்டம் பார்த்திருக்கிறது. 2019 ஜூலையில் காஞ்சிபுரத்தை ஒட்டியும் நெமிலியை ஒட்டியும் இருந்த விறகு வெட்டும் களங்களிலிருந்து 42 இருளர்கள் கொத்தடிமைகளாக மீட்கப்பட்டார்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு இது. முள்ளை வெட்டும் ஒப்பந்தத்தை வெளி ஆளுக்கு ஏலம் விட்டால் அதே அமைப்பைத்தான் மறுபடி வளர்ப்போம். வெட்டும் உரிமையை மகளிர் குழுவுக்கோ இருளர் குழுவுக்கோ நேரடியாகக் கொடுத்து, எடைக்குப் பணம் அவர்கள் கணக்கில் விழச் செய்து, வெட்டிய துண்டில் அந்தப் பருவத்திலேயே நாட்டு மரத்தைக் கொண்டுவரும் பொறுப்பையும் அவர்களுக்கே தந்தால், முள் போகும், கூலி போகாது. எந்திரம் விட்டு ஒரே வாரத்தில் வழித்துவிட்டு அப்படியே விட்ட நிலத்தில் அடுத்த மழைக்கு முளைப்பதும் சீமைக்கருவேலம்தான்.

ஆயக்கட்டு உழவர்கள் ஒரு மறுப்பு வைத்திருப்பார்கள், அதில் பாதி நியாயம். ஏரிக்குள் மரம் வைத்தால் தண்ணீர் பிடிக்கும் இடம் குறைகிறது, வேர் கரையைக் குடைகிறது, தூர் வாரவும் முடியாது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் நீர்வளத்துறைக் கணக்கில் மட்டும் 909 ஏரிகள் உள்ளன. அவற்றின் கொள்ளளவை விட்டுக்கொடுத்துக் காட்டுப் பரப்பைக் கூட்டிக் காட்டுவது பைத்தியக்காரத்தனம். வேலையை உள்வாயில் வைக்க வேண்டாம், மேட்டில் வையுங்கள். மேட்டில் புதரும் புல்லும் இருந்தால் மழை மண்ணை இழுத்துக்கொண்டு வராது. ஏரி தூர்ந்துபோவது குறையும். இன்னொன்றும் உண்டு: எல்லா வெற்றிடமும் மரம் கேட்பதில்லை. புல்வெளியாகவே இருந்து மாட்டையும் கௌதாரியையும் வாழவைக்கும் மேய்க்காலில் வரிசையாகத் தைலமரம் நடுவது மீட்பு ஆகாது, இன்னொரு ஆக்கிரமிப்புதான்.

கடைசி மறுப்பைச் சொல்கிறவர்கள் சலித்துப்போனவர்கள். கிராம சபைத் தீர்மானத்துக்கு என்ன மதிப்பு? இதே மாவட்டத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் ஏக்கர் பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் எத்தனை தீர்மானம் போட்டது. நில எடுப்பு நின்றதா? நிற்கவில்லை. மழுப்பிச் சொல்ல எதுவுமில்லை. ஆனால் மேலூர்ப் பக்கத்தில் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் அது மாநிலத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமானது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தபோது, சுற்றிலுமுள்ள கிராம சபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் தெருவில் இறங்கினார்கள், சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் நடுவண் அரசு ஏலத்தை ரத்து செய்தது. இரண்டு ஊர்களிலும் மக்களின் உறுதியில் குறைவில்லை. ஆனால் அரிட்டாபட்டிக்கு ஆபத்து வரும் முன்பே, சட்டப்படி வரையறுத்து எழுதிய ஒரு தகுதி கையில் இருந்தது. நெருக்கடி வந்தபின் போடும் தீர்மானத்தைவிட, அமைதியான காலத்தில் வாங்கி வைத்த காகிதம் கனமானது.

அந்தக் காகிதங்களுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு ஊராட்சியும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைத்து, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும். எழுதியிருந்தால் அது எங்கே, யார் சொல்லி எழுதப்பட்டது என்று கேளுங்கள். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் சமூக வன வளத்தைக் காக்கவும் மீட்டெடுக்கவும் மேலாண்மை செய்யவும் கிராம சபைக்கு உரிமை தருகிறது. மகாராஷ்டிரத்தின் மேண்டா லேகா என்ற ஊர் 2009இல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு அந்த உரிமையைப் பெற்று, 2011 முதல் தன் மூங்கிலைத் தானே விற்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் பட்டா வழங்குவது 2008 முதல் தடைபட்டு, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிய பிறகுதான் வேலை நகர்ந்தது. சமவெளி மாவட்டங்களில் இந்தச் சட்டம் மலைவாழ் ஊர்களுக்கு மட்டுமானது என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு காட்டைச் சார்ந்து வாழ்ந்ததைக் காட்ட வேண்டும், அது கடினம்தான். ஆனால் காப்புக்காட்டை ஒட்டிப் பழங்குடியினரான இருளரின் குடியிருப்பு உள்ள ஊராட்சிக்கு அந்த வாசல் திறந்தே இருக்கிறது.

பணம் எங்கே என்பீர்கள். நடவுத் திட்டங்களின் பணம் குழிக்கும் கன்றுக்கும் என்றே தலைப்பிட்டு வரும்; துளிர் கழிக்கவும் காவல் காக்கவும் என்று மாற்றித் தரக் கேளுங்கள். குவாரிகளிடமிருந்து வரும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதி, சுரங்கம் பாதித்த பகுதிகளின் சுற்றுச்சூழலுக்கும் செலவிட வேண்டிய நிதி; உத்திரமேரூர் வட்டாரம் அதைக் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரோவில்லில் 1968க்குப் பிறகு அரித்துப்போன செம்மண் மேட்டில் இதே வகைக் காட்டைக் கொண்டுவரப் பல பத்தாண்டுகள் ஆயின. அங்கே ஆளும் பணமும் கூடவே இருந்தன. நம் கரடுகளில் வேர் இன்னும் மண்ணில் இருப்பதால் அவ்வளவு காலம் ஆகாது. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும் ஊராட்சித் தலைவரை நம்பி இருபது ஆண்டு வேலையைத் தொடங்கக் கூடாது. உடன்பாடு குறைந்தது 20 ஆண்டுக்கு, கையெழுத்துப் போட்ட ஆள் மாறினாலும் செல்லும்படி எழுதப்பட வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் மரக்கன்று என்ற பொருள் வரும்போது, அதற்கு முன் வேறு ஒரு பொருளை எழுத்தில் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். அதில் சர்வே எண்ணோடு நிலத்தைக் குறிப்பிடுங்கள். எந்தப் பகுதி எந்த ஆண்டு மூடப்படும், புல், விறகு, காய், கிழங்கு, மூலிகை, பின்னாளில் மரம் ஆகிய ஒவ்வொன்றிலும் யாருக்கு எவ்வளவு, குழுவில் யார் யார், கணக்கு எந்தக் கூட்டத்தில் படிக்கப்படும் என்பதைச் சொல்லுங்கள். தீர்மானத்தின் நகல் மாவட்ட வன அலுவலருக்கும், ஆட்சியருக்கும், ஏரி சம்பந்தப்பட்டதானால் நீர்வளத்துறைக்கும் போகட்டும். தபாலில் அனுப்பாமல் நேரில் கொடுத்து, முத்திரையோடு ஒப்புகை வாங்கி, அதை ஊராட்சி அலுவலகத்தில் ஒன்றும் இருளர் குடியிருப்பில் ஒன்றுமாக வையுங்கள்.